கதிர்களுக்குக் கண் உண்டா?

கத்தியிலே குற்றமில்லை, அதைப் பிடித்த கையிலேதான் குற்றம் என்று சொல்வது நம்மிடையே வழக்கம். பாடசாலை விவாத அரங்கிலே "விஞ்ஞானம் வரமா, சாபமா?" என்ற தலைப்பு வந்துவிட்டால் எந்த மாணவனும் இந்தக் கத்தியைக் கையிலெடுக்காமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. வைத்தியர் கையிலிருந்தால் உயிர் காக்கும், கொலைஞன் கையிலிருந்தால் உயிர் போக்கும். விஞ்ஞானியோ வெறும் கொல்லன். கத்தியைச் செய்து கொடுத்ததோடு அவன் பொறுப்பு முடிந்தது. இதுவே அந்த வாதத்தின் சாரம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவன் கொல்லனிடம் வந்து, இன்னாரைக் குத்துவதற்கென்றே ஒரு கத்தி வேண்டும் என்று கேட்டுச் செய்விப்பானாயின் அந்தக் கொல்லன் நிரபராதியா? பிறர் பாவத்துக்கு உடந்தையாதலும் பாவமே என்று ஞானோபதேச வகுப்பிலே சிறுவயதிற் படித்தோம். அந்தப் பாடம் ஆய்வுகூடத்தின் வாசலோடு நின்றுவிடுமா?

இந்தக் கேள்வியை விவாத மேடையிலன்றித் தம் வாழ்க்கையிலேயே சந்தித்த ஒருவர் பேராசிரியர் யோசப் றொட்பிளாற். அணுகுண்டு செய்யும் ஆய்வுகூடத்தை விட்டு நடுவழியில் விலகி, இலண்டனில் ஒரு வைத்தியசாலையிலே கதிர்வீச்சுப் பௌதிகத்திலும் அதன் மருத்துவப் பயன்களிலும் தம் காலத்தைச் செலவிட்டவர். நம் மறையைச் சேர்ந்தவரல்லர். 1908-ம் ஆண்டு போலந்தின் வார்சோ நகரில் ஒரு யூதக் குடும்பத்திலே பிறந்தவர். முதலாம் உலகப் போரிலே குடும்பம் நொடித்துப் போயிற்று. பையன் மின்சார வேலை செய்து பிழைத்தான். இரவு வேளைகளிலே படித்தான். பின்னர் மேரி கியூரி அம்மையாரிடம் பயின்ற வேர்ட்டென்ஸ்ரைன் என்பவரின் கீழ் கதிரியக்க ஆராய்ச்சியில் ஈடுபட்டு, 1938-ல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

1939-ல் அவருக்கு இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்திலே, நியூத்திரனைக் கண்டுபிடித்த சாட்விக்கிடம் ஆராய்ச்சி செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. உதவிப் பணம் இருவருக்குப் போதாமையால் மனைவி தோலாவை வார்சோவிலேயே விட்டுச் சென்றார். சற்று வசதி ஏற்பட்டதும் ஆகஸ்ட் மாதத்திலே அவரை அழைத்துவரப் போனார். மனைவிக்கோ அப்போது குடல்வால் நோய்; பயணம் செய்யமுடியாத நிலை. நீங்கள் முன்னே போங்கள், நான் குணமானதும் வருகிறேன் என்ற ஏற்பாட்டிலே கணவர் மட்டும் திரும்பினார். செப்ரெம்பர் 1-ம் திகதி ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் நுழைந்தன. அதன்பின் அவர் தம் மனைவியைக் காணவேயில்லை. இலட்சக்கணக்கான யூதரோடு அந்தப் பெண்ணும் நாசிகளின் கைகளில் மாண்டார். றொட்பிளாற் மறுமணம் செய்யவில்லை.

இப்படிப்பட்ட ஒருவர் அணுகுண்டு செய்ய முற்பட்டாரென்றால் அவரைக் குறைகூற யாருக்குத்தான் நாவெழும்? யுரேனியத்தின் அணு பிளக்கும்போது மேலும் நியூத்திரன்கள் வெளிப்படுகின்றன என்பதை 1939-ன் தொடக்கத்திலேயே அவர் தம் பரிசோதனையிற் கண்டிருந்தார். இதிலிருந்து பேரழிவுக் குண்டொன்று செய்யலாம் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அந்த எண்ணத்தை மனத்தின் ஒரு மூலையிலே தள்ளிவைத்தார். போர் மூண்டபின் அது மூலையிலே கிடக்க மறுத்தது. ஜேர்மன் விஞ்ஞானிகள் முந்திக்கொண்டால் என்னாவது? நம்மிடமும் குண்டு இருந்தால் ஹிட்லர் தன்னுடையதைப் பிரயோகிக்க அஞ்சுவான். ஆகவே செய்யவேண்டும், ஆனால் பாவிக்கவேண்டியிராது. இவ்வாறு தம் மனச்சான்றுக்கு ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு 1944-ன் ஆரம்பத்திலே அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்துக்குச் சென்றார்.

அந்த ஆண்டு மார்ச் மாதத்திலே, சாட்விக் வீட்டு இராப்போசனத்தின்போது, குண்டுத் திட்டத்தின் தலைவரான ஜெனரல் குறோவ்ஸ் ஒரு பேச்சுவாக்கிலே, இந்தக் குண்டின் உண்மையான நோக்கம் ரஷ்யரை அடக்குவதே என்று சொல்லிவிட்டாராம். ரஷ்யர் அப்போது கூட்டாளிகள். ஹிட்லரின் படைகளை எதிர்த்து நாள்தோறும் ஆயிரக்கணக்கில் மடிந்துகொண்டிருந்தவர்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1985-ல் எழுதிய கட்டுரையிலே றொட்பிளாற் இதைக் கூறியிருக்கிறார். அந்த ஆண்டின் இறுதியிலே இன்னொரு செய்தியும் வந்தது: ஜேர்மனியர் தங்கள் அணுகுண்டு முயற்சியைக் கைவிட்டுவிட்டனர். அவ்வளவுதான். தாம் வந்த காரணம் போய்விட்டது; தாமும் போகவேண்டும் என்று விடுதலை கேட்டார்.

விட்டுவிடுவார்களா? உளவாளி என்று சந்தேகித்து ஒரு கோவையே தயாரித்து வைத்திருந்தார்கள். அதிலிருந்த குற்றச்சாட்டுகள் பிழையானவையென அவரால் காட்டமுடிந்தது. என்றாலும் விலகும் காரணத்தைச் சக விஞ்ஞானிகள் எவரிடமும் சொல்லக்கூடாது, மனைவியைப் பற்றிய கவலையாற் போவதாகவே சொல்லவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுப்பினார்கள். 1944-ம் ஆண்டு, நத்தாருக்கு முந்திய நாளன்று அவர் அங்கிருந்து புறப்பட்டார். குண்டு ஆக்கப்படுமுன்னரே மனச்சான்றின் பொருட்டு அந்த ஆய்வுகூடத்தை விட்டு விலகிய விஞ்ஞானி அவர் ஒருவரே.

மற்றவர்கள் ஏன் தங்கினார்கள்? அந்தக் கட்டுரையிலே அவர் சொல்லும் விடைகள் நம்மைச் சிந்திக்க வைப்பவை. சிலருக்கு ஆவல்: இவ்வளவு கணக்கும் சரிதானா என்று பார்த்துவிடவேண்டும். சிலர், குண்டு போரைச் சீக்கிரம் முடித்து அமெரிக்க வீரரின் உயிரைக் காக்கும் என்று நம்பினர். சிலருக்குத் தம் உத்தியோகத்தைப் பற்றிய பயம். பெரும்பாலானோருக்கோ இந்தக் கேள்வியே எழவில்லை. தம் உழைப்பை எப்படிப் பயன்படுத்துவதென்பதை மற்றவர்கள் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இவர்களிலே எவரும் அரக்கரல்லர். நல்ல கணவர்கள், நல்ல தந்தையர், மாணவரை அன்போடு நடத்திய ஆசிரியர்கள். ஓர் அபாயத்தைத் தடுப்பதற்காக ஒரு தீய கருவியைக் கையிலெடுக்கிறோம். அபாயம் நீங்கியபின்னும் கை கருவியை விடுவதில்லை. வேலை நடந்துகொண்டிருக்கிறது, சம்பளம் வருகிறது, பக்கத்து மேசைக்காரனும் இருக்கிறான். இதைப் புரிந்துகொள்ள நாம் லொஸ் அலமோஸுக்குப் போகவேண்டியதில்லை.

விலகியதனால் என்ன பயன், குண்டு நின்றுவிட்டதா என்று கேட்பவர்கள் உண்டு. நிற்கவில்லை. 1945 ஆகஸ்ட் 6-ம் திகதி ஹிரோஷிமாவிலும், 9-ம் திகதி நாகசாக்கியிலும் விழுந்தது. வாய் திறவாமல் விலகினாரே, அது போதுமா என்பதும் நியாயமான கேள்விதான். நானறிந்தவரை அதற்குச் சாதகமாக அதிகம் சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு செயலின் நன்மை தீமையை அதன் பலனை மட்டும் வைத்து அளக்கும் தராசை நம் திருச்சபை என்றுமே ஏற்றதில்லை.

இங்கிலாந்து திரும்பியவர், தம் அறிவு மனிதருக்கு நேரே பயன்படுவதைத் தம் கண்ணாலே காணவேண்டும் என்று எண்ணினார். லிவர்பூலிலேயே ஒரு வைத்தியரோடு சேர்ந்து, கதிரியக்க அயடீனைக் கொடுத்து, நெஞ்செலும்பின் பின்னால் மறைந்திருக்கும் தைரொயிட் கழலையைக் கண்டறியும் முறையை ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1948-ல் வெளியாயிற்று. 1950-ல் இலண்டன் புனித பர்த்தலோமேயு வைத்தியசாலையின் மருத்துவக் கல்லூரியிலே பௌதிகப் பேராசிரியராகி, 1976-ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

இந்த வைத்தியசாலையைப் பற்றி ஒரு வார்த்தை. ராஹியர் என்பவர் அரசவையிலே கேளிக்கையாக வாழ்ந்தவர். உரோமாபுரிக்கு யாத்திரை போன இடத்தில் நோயுற்று, பிழைத்தால் ஏழைகளுக்கு ஒரு வைத்தியசாலை கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டாராம். திரும்பிவந்து துறவியாகி 1123-ல் அதைக் கட்டினார். எட்டாம் ஹென்றி மடங்களையெல்லாம் மூடியபோதும் அது தப்பிப் பிழைத்தது. நேர்த்திக்கடனாய் எழுந்த அந்தக் கட்டடத்தின் நிழலிலேதான், குண்டை விட்டு வந்த யூதப் பேராசிரியர் கதிர்களை அளந்துகொண்டிருந்தார்.

வைத்தியசாலையிலே பௌதிகருக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ தம் வீட்டார் ஒருவருக்குக் கதிர்ச் சிகிச்சை நடந்தபோது வெளி வாங்கிலே காத்திருந்தவர்கள் ஓரளவு கண்டிருப்பார்கள். தோலிலே மையால் அடையாளம் இடுகிறார்கள். அசையாமற் படுக்கவைக்கிறார்கள். இயந்திரம் ஒரு பக்கத்திலிருந்து சிறிது நேரம், மறுபக்கத்திலிருந்து சிறிது நேரம் என்று கதிரைச் செலுத்துகிறது. இப்படி வாரத்துக்கு ஐந்து நாளாகப் பல வாரங்கள். ஏன் இவ்வளவு சிரமம்? ஒரே நாளிலே முடித்துவிட்டால் என்ன?

இதற்கு விடை கதிரின் குருட்டுத்தனத்திலே இருக்கிறது. புற்றுநோய்க் கலம் எது, ஆரோக்கியமான கலம் எது என்று கதிருக்குத் தெரியாது. போகும் வழியிலுள்ள எல்லாவற்றையும் தாக்கும். உடம்பு உறிஞ்சும் கதிரின் அளவைக் குறிக்க "கிறே" என்ற அலகு உண்டு. கதிர்ச் சிகிச்சைக்காக உழைத்த ஆங்கிலப் பௌதிகர் லூயி ஹரல்ட் கிறேயின் பெயரால் 1975-ல் ஏற்பட்டது. ஒரு மனிதனின் உடல் முழுவதும் ஒரே தடவையிலே ஏறக்குறைய 4 கிறே பட்டால், தகுந்த சிகிச்சையில்லாதபோது, அவன் பிழைப்பதும் இறப்பதும் சரிபாதி வாய்ப்பு. அந்த 4 கிறேயிலுள்ள சக்தியோ ஒரு மிடறு சூடான தேநீரில் உள்ளதைவிடப் பெரிதன்று! ஆனால் அதே கதிரை ஒரு சிறிய கட்டியின்மேல் மட்டும், நாளொன்றுக்கு 2 கிறேயாகப் பிரித்து, ஆறு வாரத்தில் 60 கிறே வரைகூடக் கொடுத்துக் குணமாக்குகிறார்கள். பல திசைகளிலிருந்து வரும் கதிர்கள் கட்டியிலே சந்திக்கின்றன. ஆகவே அங்கேதான் முழு அடி. மற்ற இழையங்களுக்குச் சிறு சிறு அடி. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையிலே நல்ல கலங்கள் தங்கள் காயத்தைப் பெருமளவு ஆற்றிக்கொள்கின்றன. புற்றுக் கலங்களால் அவ்வளவு ஆற்றிக்கொள்ள முடிவதில்லை.

எத்தனை பாகை சரிவு, எத்தனை நிமிடம், எவ்விடத்தில் ஈயத்தால் மறைப்பு என்றெல்லாம் கணக்கிட்டுக் கொடுப்பவர்தான் வைத்தியசாலைப் பௌதிகர். அவருடைய கணக்கின் பெரும்பகுதி எதைக் கொல்வதென்பதல்ல, எதைத் தப்பவிடுவதென்பதே. முள்ளந்தண்டு வடம் தப்பவேண்டும், கண்வில்லை தப்பவேண்டும், சிறுநீரகம் தப்பவேண்டும். குருட்டுக் கதிருக்கு அவர் கண்ணாக நிற்கிறார்.

லொஸ் அலமோஸிலும் இதே கதிர்கள்தான், இதே நியூத்திரன்கள்தான். ஆனால் அங்கே எதைத் தப்பவிடுவதென்ற நிரல் கணக்கிலே கிடையாது. நகரம் ஒன்று என்பதுதான் அங்கே இலக்கு. நாகசாக்கியின் ஊராகாமிப் பேராலயத்துக்கு ஏறக்குறைய 500 மீற்றர் தொலைவிலே அந்தக் குண்டு வெடித்தது. தேவதாயின் விண்ணேற்புத் திருநாள் நெருங்கியதால் உள்ளே பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குருக்களும் மக்களும் அப்படியே மாண்டார்கள். நூற்றாண்டுக்கணக்கான வேதகலாபனைகளைத் தாங்கிப் பிழைத்த ஊராகாமிச் சபையிலே பெரும்பகுதி அன்று அழிந்தது.

இங்கே ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது, இன்றும் சொல்லப்படுகிறது. அழுகிய காலை வெட்டி ஆளைக் காப்பாற்றுவது போல, சிலரைக் கொன்று பலரைக் காப்பாற்றினோம். கதிர்ச் சிகிச்சையிலும் நல்ல கலங்கள் சாகின்றனவே, அதைத் திருச்சபை அனுமதிக்கிறதே என்று வாதிடுவோருமுண்டு. இது மேலோட்டமாகப் பார்த்தால் மறுக்கமுடியாத வாதம் போலத் தோன்றும். ஆனால் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1952 செப்ரெம்பரிலே மருத்துவ ஆராய்ச்சியாளருக்கு ஆற்றிய உரையிலே இதன் வேரைத் தொட்டிருக்கிறார். உடலின் உறுப்பு உடலுக்காகவே இருக்கிறது. ஆகவே முழு உடலின் நன்மைக்காக உறுப்பை இழக்கலாம். மனித சமுதாயமோ அப்படிப்பட்ட உடலன்று. தனி மனிதன் சமுதாயத்தின் வெறும் உறுப்பல்லன். சமுதாயம் தன் நன்மைக்கென்று அவனை வெட்டியெறிய உரிமையற்றது. சிகிச்சையிலே சேதமுறும் நல்ல கலம் அதே நோயாளியின் கலம். குணமடையப் போகிறவரும் அவரே. சம்மதம் தந்தவரும் அவரே. ஊராகாமியிலே முழந்தாளிட்டிருந்த கிழவி யாருடைய கால்? மக்களுக்காக ஒருவன் சாவது நல்லது என்று முதலில் கணக்குப் போட்டவர் தலைமைக் குரு கைப்பாஸ் என்பதை அருளப்பர் நற்செய்தியிலே வாசிக்கிறோம். முழு நகரங்களையும் மக்களோடு அழிக்கும் போர்ச் செயலை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றமெனத் தீர்த்துச் சொல்லிற்று.

நாகசாக்கியிலே கதிரியல் வைத்தியராக இருந்த தாக்காஷி நாகாய் என்ற கத்தோலிக்கரை இங்கே நினைவுகூராமல் இருக்கமுடியவில்லை. போர்க்கால நெருக்கடியிலே எண்ணற்ற நோயாளிகளைக் கதிர்ப்படத்தால் பரிசோதித்ததனால் குண்டு விழுமுன்னரே அவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டிருந்தது. பிறருக்காகத் தம் உடலிலே ஏற்றுக்கொண்ட கதிர் அது. குண்டோ அவர் மனைவி மிடோரியைக் கேளாமலே கொண்டுபோயிற்று. எரிந்த வீட்டிலே எலும்புகளோடு செபமாலையைக் கண்டெடுத்தார். அந்த ஆண்டு நவம்பரிலே இறந்தோருக்கான பூசையின்போது, ஊராகாமி மக்கள் சமாதானத்துக்காகத் தேர்ந்துகொள்ளப்பட்ட பலி என்று அவர் பேசினார். ஜப்பானியர் சிலர் இதைக் கடுமையாகக் கண்டித்ததுண்டு. என் எண்ணம் இது: அந்தச் சொல் பலியானவரின் வீட்டார் சொல்லத் தகும், குண்டைப் போட்டவர் அதை எடுத்துச் சொன்னால் தெய்வநிந்தனையாகும்.

றொட்பிளாற்றின் ஆராய்ச்சிக்குத் திரும்புவோம். கட்டியின்மேல் விழும் பெரும் கதிரைவிட, உடல் முழுதும் படும் சிறு கதிர் என்ன செய்யும் என்பதே அவருக்குப் பெரிய கேள்வியாயிற்று. பற்றீசியா லிண்டொப் என்ற பெண் ஆய்வாளரோடு சேர்ந்து, எலிகளுக்கு வெவ்வேறு அளவிலே கதிரைக் கொடுத்து, அவை சாகும்வரை பல ஆண்டுகள் பொறுமையாகக் கவனித்தார்கள். 1961-ல் வெளிவந்த முடிவுகள், கதிரளவு ஏற ஆயுள் குறைவதைக் காட்டின.

இது வெறும் எலிக்கதையல்ல. 1954 மார்ச் 1-ம் திகதி அமெரிக்கா பிக்கினித் தீவிலே ஹிரோஷிமாக் குண்டைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வலிமையுள்ள குண்டொன்றைப் பரீட்சித்தது. தொலைவிலே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானிய வள்ளம் ஒன்றின்மேல் வெள்ளைச் சாம்பல் மழைபோற் பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலித் தொடர்பாளர் குபோயாமா செப்ரெம்பரிலே இறந்தார். அரசாங்கங்களோ அச்சப்பட ஒன்றுமில்லை என்றன. அந்தச் சாம்பலைப் பற்றி ஜப்பானிய விஞ்ஞானி ஒருவரிடமிருந்து கிடைத்த விவரங்களைக் கொண்டு றொட்பிளாற் கணக்கிட்டார். வெளியே யுரேனியப் போர்வை ஒன்றும் பிளந்திருக்கிறது, அதனாலேதான் இவ்வளவு நச்சு என்று கண்டார். வெளியிடாதே என்று மேலிடத்தின் விருப்பம் இருந்தும் 1955-ல் வெளியிட்டார். முதல் தடவை வாய்மூடி விலகியவர் இரண்டாந்தடவை வாய்மூடவில்லை. கதிர்ச் சிகிச்சைக்குப் படுக்கும் நோயாளியிடம் சம்மதம் கேட்கிறோம். குபோயாமாவிடம் யார் கேட்டார்கள் என்பதே அவர் கேள்வி.

அதே ஆண்டு பேர்ட்ரண்ட் ரசலும் ஐன்ஸ்ரைனும் விடுத்த அறிக்கையிலே அவரும் ஒப்பமிட்டார். 1957-ல் கனடாவின் பக்வோஷ் என்ற கிராமத்திலே கிழக்கையும் மேற்கையும் சேர்ந்த 22 விஞ்ஞானிகள் கூடினார்கள். அதிலிருந்து பிறந்த இயக்கத்துக்கு 1973 வரை அவரே செயலாளர் நாயகம். 1995-ல் நோபல் சமாதானப் பரிசு அவருக்கும் அந்த இயக்கத்துக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. நம் நாட்டவரான ஜயந்த தனபால 2007 முதல் 2017 வரை அதன் தலைவராயிருந்தார் என்பது நம்மவரிற் பலர் அறியாத செய்தி. 2005 ஆகஸ்டிலே, 96-வது வயதில், றொட்பிளாற் காலமானார். அணுவாயுதங்கள் ஒழியவில்லை, உலகிலே இன்றும் ஏறக்குறைய 12,000 இருக்கின்றன. பாப்பரசர் பிரான்சிஸ் 2019 நவம்பரிலே ஹிரோஷிமாவில் நின்று, அவற்றைப் பாவிப்பது மட்டுமன்றி வைத்திருப்பதும் ஒழுக்கக்கேடு என்று கூறினார்.

நம் பிள்ளைகள் பௌதிகமும் பொறியியலும் கணினியும் கற்றுப் பல நாடுகளிலே பெரும் நிறுவனங்களில் அமர்கிறார்கள். பெற்றோருக்கு மகிழ்ச்சி, கோவிலிலே நன்றிப் பூசையும் கொடுக்கிறோம். என்ன சம்பளம், எப்போது நிரந்தரம், விசா எப்படி என்று விசாரிக்கிறோம். அந்த நிறுவனம் என்ன செய்கிறது என்று எத்தனை வீட்டிலே கேட்கிறோம்? ஏவுகணைக்கு வழிகாட்டும் சிறு கருவி ஒன்றின் ஒரு பாகத்துக்குக் கணக்கெழுதும் பையனுக்கு, முழுப் பொருள் என்னவென்றே ஒருவேளை சொல்லப்பட்டிராது. கேட்டால் உத்தியோகம் ஆட்டங்காணும் என்பது உண்மைதான். போரிலே பிள்ளைகளையும் வீடுகளையும் இழந்து, வானத்திலிருந்து விழுவதற்குக் கண் இல்லை என்பதை உடம்பாலே அறிந்த மக்கள் நாம். நாமே கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்களென்று எனக்குத் தெரியவில்லை.

நோபல் பரிசு பெற்ற அன்று றொட்பிளாற் ஆற்றிய உரையிலே, வைத்தியர்கள் தொழிலை ஏற்கும்போது சத்தியம் செய்வதுபோல விஞ்ஞானிகளுக்கும் ஓர் உறுதிமொழி வேண்டுமென்று கேட்டார். மருத்துவ மாணவர் இன்றும் அந்தச் சத்தியத்தைச் செய்துகொண்டுதான் வெளியேறுகிறார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களிலே, அந்த வைத்தியருக்குக் கதிரை அளந்துகொடுக்கப் போகும் பௌதிக மாணவனிடம் அப்படியொன்றைக் கேட்பதில்லை.